காக்கப்படும் மலைகளும், காப்போர் கொடுக்கும் விலையும்



ஆப்பிரிக்காவின் நடுப்பகுதியில், ருவாண்டா, உகாண்டா, காங்கோ ஜனநாயகக் குடியரசு ஆகிய மூன்று நாடுகளின் எல்லைகள் கூடுமிடத்தில், விருங்கா மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. அதில் எட்டுப் பெரிய எரிமலைகள் உள்ளன. அவற்றின் தெற்கே கீவு ஏரி விரிந்து கிடக்கிறது. மேகம் தங்கும் மலைச்சரிவுகளில், மூங்கில் காடுகளுக்குள், மலைக் கொரில்லாக்கள் குடும்பம் குடும்பமாக வாழ்கின்றன. இக்காட்சிகளைத் திரையில் காணும்போது சிருஷ்டிகரின் கைவேலையை நாம் வியக்கிறோம். அந்த வியப்பு நல்லதே. ஆனால் அதோடு நின்றுவிடலாகாது என்பதே இவ்வாரம் உங்கள் முன் நான் வைக்கும் கருத்து. அந்த அழகு காக்கப்படுவதற்காகச் சிலர் பெரும் விலை கொடுத்திருக்கிறார்கள். அவர்களை மறந்துவிட்டு மலையை மட்டும் புகழ்வது நியாயமாகாது.

அந்நிலத்தின் இயல்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். 2002 ஜனவரி 17 அன்று நியிரகோங்கோ எரிமலை வெடித்தபோது, அதன் குழம்பு கோமா நகரத்தின் நடுவே ஓடி, வீடுகளையும் கடைகளையும் மூடி, ஏரியில் போய்க் கலந்தது. லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். 2021 மே மாதத்தில் அது மீண்டும் வெடித்தது. கீவு ஏரியின் ஆழத்திலோ கரியமில வாயுவும் மீத்தேனும் பெருமளவில் கரைந்து கிடக்கின்றன. கேமரூன் நாட்டின் நியோஸ் என்னும் சிறிய ஏரியிலிருந்து 1986இல் கரியமில வாயு ஒரே இரவில் வெளிப்பட்டபோது 1,700க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கீவு அதைவிடப் பன்மடங்கு பெரியது. ஆயினும் அதே மீத்தேனைப் பிரித்தெடுத்து ருவாண்டா இன்று மின்சாரம் உண்டாக்குகிறது. எரிமலைச் சாம்பலோ மண்ணுக்கு வளம் தந்திருக்கிறது. ஆகவேதான் இத்தனை ஆபத்துக்கு நடுவிலும் மக்கள் அங்கே நெருக்கமாக வாழ்கிறார்கள். உருளைக்கிழங்கு வயல்கள் காட்டின் விளிம்பு வரை ஏறி நிற்கின்றன. பல இடங்களில் வயலையும் வனத்தையும் பிரிப்பது ஒரு தாழ்வான கற்சுவர் மட்டுமே.

அந்தச் சுவரின் அப்புறத்தில் நடந்திருப்பது ஒரு பெரிய நற்செய்தி. 1981இல் விருங்கா மலைகளில் எண்ணப்பட்ட கொரில்லாக்கள் 254 மட்டுமே. 2015, 2016 ஆண்டுகளின் கணக்கெடுப்பில் அவை 604 ஆகப் பெருகியிருந்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்நாடுகள் போரையும் இனப்படுகொலையையும் கண்டன என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும். வனக்காவலர்கள் நாள்தோறும் காட்டில் நடந்து, கண்ணிகளை அகற்றி, ஒவ்வொரு குடும்பத்தையும் பின்தொடர்ந்து காத்ததன் பலன் இது. காங்கோவின் விருங்கா தேசியப் பூங்காவில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட காவலர்கள் கடமையில் உயிர் துறந்திருக்கிறார்கள். 2020 ஏப்ரலில் ஒரே தாக்குதலில் 12 காவலர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கும் மனைவி மக்கள் இருந்தார்கள்.

மற்றொரு கூட்டத்தாரும் விலை கொடுத்தார்கள். ஆனால் அவர்களுடைய சம்மதம் கேட்கப்படவில்லை. தலைமுறை தலைமுறையாக அக்காடுகளில் வேட்டையாடியும் தேன் சேகரித்தும் வாழ்ந்த பாட்வா மக்கள், 1991இல் உகாண்டா தன் கொரில்லாக் காடுகளைத் தேசியப் பூங்காக்களாக அறிவித்தபோது வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலானோர் நிலமின்றி, பிறர் வயல்களில் கூலிகளானார்கள். நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை நாம் அறிவோம். ஆகாபின் பேராசையும் வனவிலங்குகளைக் காக்கும் நோக்கமும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் எளியவனின் சுதந்தர பூமியை எடுத்துக்கொள்ள நல்ல நோக்கம் ஒன்றே போதுமான நியாயமாகிவிடாது.

“பசித்த மனிதருக்கு முன் குரங்குகளுக்கு என்ன உரிமை?” என்று சிலர் கேட்கக்கூடும். காட்டை அழித்து வயலாக்குவது அந்த ஏழைகளை நெடுநாள் காப்பாற்றாது என்பதே என் பதில். அவர்களுக்கு மழையும் ஊற்றும் தருவது அந்தக் காடே. “மனிதரை விலக்கினால்தான் காடு பிழைக்கும்” என்று வேறு சிலர் சொல்லுகிறார்கள். அதுவும் உண்மையன்று, அக்காட்டைப் பிழைப்பித்தவர்களே அந்த மண்ணின் மனிதர்கள்தான். ஆதியாகமத்தின் 2ஆம் அதிகாரத்தில் மனிதனிடம் தோட்டம் ஒப்புவிக்கப்படும்போது, பண்படுத்துதலும் காத்தலும் ஒரே பணியாகவே தரப்படுகின்றன. ஒன்றை மற்றொன்றுக்குப் பகையாக்கியது நாமே.

ருவாண்டாவில் கொரில்லாக்களைக் காண ஒருவர் 2017 முதல் 1,500 அமெரிக்க டாலர் செலுத்த வேண்டும். ஒரு குழுவில் எட்டுப் பேருக்கு மேல் அனுமதியில்லை. ஒரு மணி நேரம் மட்டுமே அருகில் நிற்கலாம். சளியோ காய்ச்சலோ உள்ளவர் செல்லக்கூடாது, ஏனெனில் நம்முடைய நோய்கள் அவற்றைக் கொன்றுவிடும். இக்கட்டுப்பாடுகளை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். பூங்கா வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு சுற்றியுள்ள கிராமங்களுக்கு அளிக்கப்படுவதும் நன்றே. ஆனால் பத்தில் ஒரு பங்கு நமக்குப் பழக்கமான அளவல்லவா? தசமபாகம் ஈகையின் தொடக்கமேயன்றி முடிவன்று என்று நாம் கற்றிருக்கிறோம். அந்த மூன்று நாடுகளிலும், காட்டுக்காகத் தங்கள் இடத்தை இழந்தவர்களுக்கும், மாண்ட காவலர்களின் குடும்பங்களுக்கும் முதற்பங்கு சேர வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

பிரியமானவர்களே, இத்தகைய இடங்களுக்குப் பயணம் செய்யும் வசதி உங்களில் சிலருக்குக் கிடைக்கலாம். செல்லுமுன், நீங்கள் செலுத்தும் பணம் யாரைச் சேருகிறது என்று கேளுங்கள். அங்கே வழிநடத்தும் காவலரின் பெயரையும் குடும்பத்தையும் விசாரியுங்கள். செல்ல இயலாதவர்கள், திரையில் கொரில்லாவைக் காணும் அடுத்த முறை, அதன் பின்னே நிற்கும் மனிதரையும் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். சிருஷ்டிப்பைக் காக்கிறவர்களைத் தாங்குவதும் உக்கிராணத்துவமே.

கர்த்தர்தாமே அம்மலைகளையும், அவற்றின் அடிவாரத்தில் வாழ்வோரையும் காப்பாராக. ஆமென்.