விஆர் கண்ணாடியில் அரண்மனை வேண்டாம், ராயபுரம் கடல் போதும்

வரலாற்றுப் பாடத்துக்கு விர்ச்சுவல் ரியாலிட்டி என்றதும் எல்லோருக்கும் ஒரே ஐடியாதான் வருகிறது: பிரமிடு, தாஜ்மஹால், சோழர் அரண்மனை. ஹெட்செட்டை மாட்டினால் ராஜா எதிரில் நிற்பார். பசங்க 'செம' என்பார்கள், அடுத்த பீரியடில் மறந்துவிடுவார்கள். வடசென்னைப் பள்ளிகளுக்கு விஆர் வருமானால், முதலில் காட்ட வேண்டியது ராயபுரம் கடற்கரையை. இன்றைய கடற்கரை இல்லை, 1870-ல் இருந்தது.

அப்போது சென்னையில் கப்பல் ஒதுங்கத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தவை மசூலா படகுகள். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தவை. அலை மோதினால் உடையாது, வளைந்துகொடுக்கும். கொஞ்ச தூரத்தில் ராயபுரம் ஸ்டேஷன். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் அங்கிருந்துதான் வாலாஜாவுக்குக் கிளம்பியது. அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது. கடற்கரைதான் இல்லை.

எங்கே போச்சு? 1876-ல் துறைமுக வேலை தொடங்கியது. கடலுக்குள் நீளமாகக் கல் சுவர்கள் போனார்கள். 1881 புயலில் அவை சிதைந்தன, மறுபடி கட்டினார்கள். நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. சுவர் குறுக்கே வந்ததும் மணல் தெற்குப் பக்கமே தங்கிவிட்டது. மெரினா இவ்வளவு அகலமானது அப்படித்தான். வடக்கே மணல் வரத்து குறைந்தது. கடல் அரித்துக்கொண்டே போனது. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை இன்று கொட்டிக் கிடக்கும் பாறைகளும் தூண்டில் வளைவுகளும் அந்தக் கணக்கின் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை மெரினாவில் சுண்டல் சாப்பிடும்போது காலில் ஒட்டுகிற மணலில் கொஞ்சம் ராயபுரத்துக்குச் சேர வேண்டியது!

இதைப் பாடப்புத்தகத்தில் ரெண்டு வரியில் எழுதிவிடலாம். ஆனால் 150 ஆண்டுகளில் மெதுவாக நடந்த ஒன்று, படித்தால் மனதில் ஏறாது. ஹெட்செட்டில் ஒரு மாணவி தன் தெரு இருக்கும் இடத்திலேயே நின்று ஆண்டை நகர்த்தலாம்: 1870, 1900, 1950, இன்று. சுவரை எடுத்துவிட்டு மணல் எங்கே போகிறது என்று பார்க்கலாம். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்க்கும் பழவேற்காடு மீனவர்கள் சொல்வதும் கரை அரிக்கும் என்பதைத்தான். இந்தப் பாடத்தை முடித்த பிள்ளைக்கு அந்தச் செய்தி வேறு மாதிரி புரியும்.

கம்பெனிகளிடம் விட்டால் எம்டனைத்தான் எடுப்பார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் கப்பலின் குண்டுகளில் துறைமுக எண்ணெய் டாங்குகள் எரிந்த காட்சி. விஆருக்கென்றே செய்தது மாதிரி இருக்கும். எடுக்கட்டும், தப்பில்லை. ஆனால் அது பட்டாசு. கரை அரிப்புதான் பாடம்.

எனக்கு ஒரு பயம் உண்டு. ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் ஒளிந்திருந்த அறைகள், அவள் அப்பாவின் விருப்பப்படி, மியூசியத்தில் காலியாகவே இருக்கின்றன. விஆர் வடிவத்தில் மட்டும் கட்டில், மேஜையெல்லாம் உண்டு. அங்கே ஒப்பிட்டுப் பார்க்க நிஜ அறை இருக்கிறது. கடலுக்குள் போன தெருவுக்கு அதுவும் இல்லை; டிசைனர் வரைந்த வீட்டைப் பிள்ளைகள் அப்படியே நம்பிவிடுவார்கள். அதனால் வரைபடத்திலும் பழைய போட்டோவிலும் இருப்பதை வண்ணத்தில் காட்டி, ஊகத்தைச் சாம்பல் நிறத்தில் விட வேண்டும். அந்தச் சாம்பலை நிரப்பும் வேலையை மாணவர்களுக்கே கொடுக்கலாம். தங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியிடம் கேட்டு ரெக்கார்ட் பண்ணட்டும்.

செலவுக் கேள்வி வரும். வகுப்புக்கு அஞ்சு ஹெட்செட் போதும். மற்றவர்கள் பழைய வரைபடத்தை விரித்து வைத்துத் தங்கள் தெருவைத் தேடலாம், பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரே நிறுவனத்தின் ஆப்பை நம்பி இறங்கக் கூடாது. பள்ளிகளுக்காகவே வந்த கூகுள் எக்ஸ்பெடிஷன்ஸை 2021-ல் மூடிவிட்டார்கள். ஃபைல்கள் கல்வித் துறையின் கையில் இருக்கணும். பத்து நிமிஷத்துக்கு மேல் கண்ணாடியும் வேண்டாம். மீதி நேரத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாறைகள் மேல் நிற்க வைக்கலாம், கடல் பக்கத்தில்தானே இருக்கிறது.