தேய்க்குமுன் வாசியுங்கள்

யுத்த காலத்துச் சின்னம் என்றதும் துப்பாக்கியும் பீரங்கியுமே நம் நினைவுக்கு வருகின்றன. மண்ணுக்குள்ளிருந்து கிடைக்கும் ஒரு சிப்பாயின் கரண்டியை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. பீரங்கியால் சொல்ல முடியாத ஒன்றைச் சில வேளைகளில் அந்தக் கரண்டி சொல்லிவிடும் என்பதே என் கருத்து.

அதை அடையாளம் காண முதலில் காம்பைப் பார்க்க வேண்டும். மூன்று கோடுகள் ஒரு முனையில் கூடும் அம்புக்குறி இருந்தால், அது பிரித்தானிய அரச உடைமை. 'யூ.எஸ்.' என்ற எழுத்துகள் அமெரிக்கப் படையைக் காட்டும். சிலவற்றில் செய்தவரின் பெயரும் ஆண்டும் இருக்கும். எல்லாவற்றிலும் பெறுமதியானது, காம்பில் பொறிக்கப்பட்ட சிப்பாயின் இலக்கம்.

முதலாம் உலக யுத்தத்தில் பிரித்தானியச் சிப்பாய்கள் பலர் தம் கரண்டியைக் காலில் சுற்றிய பட்டிக்குள் செருகி வைத்திருந்தார்கள். 1916 முதல் அவர்கள் கழுத்தில் அணிந்த அடையாள வில்லைகள் அழுத்திய நாரினால் ஆனவை. ஈர மண்ணில் அவை உக்கிப் போயின; உலோகக் கரண்டி எஞ்சியது. பிரான்சின் தியெப்வால் நினைவுச் சின்னத்தில், கல்லறை அறியப்படாத 72,000க்கும் அதிகமானோரின் பெயர்கள் உள்ளன. அந்த மண்ணிலிருந்து இன்றும் எலும்புகள் வெளிப்படுகின்றன. பெயர் தெரியாத ஒருவருக்கு அவரது பெயரைத் திருப்பிக் கொடுக்கும் முதல் தடயம் ஒரு கரண்டியாகவும் இருக்கலாம்.

ஆனால் இலக்கம் மட்டும் போதாது. 1920 வரை ஒவ்வொரு படைப்பிரிவும் தனித்தனியே இலக்கம் கொடுத்ததால், ஒரே இலக்கம் பலருக்கு இருந்தது. கரண்டி இரவல் வாங்கியதாகவும் இருக்கலாம். அருகில் கிடக்கும் பொத்தான், தோள்பட்டைச் சின்னம், கிடைத்த இடம் ஆகிய எல்லாம் சேர்ந்தால்தான் ஆளை அறியலாம். விலைக்கு விற்பதற்காகக் கரண்டியை மட்டும் பிடுங்கிச் செல்பவர், அந்த மனிதரை இரண்டாம் முறை தொலைத்து விடுகிறார். போதாததற்கு, ஜெர்மன் கழுகு முத்திரையைப் போலியாகக் குத்தி விற்பவர்களும் உண்டு. முத்திரையை மட்டும் நம்பி ஏமாறாதிருக்கவும், கிடைத்த இடம் தெரிந்திருக்க வேண்டும்.

இது தூர தேசத்துக் கதை மட்டுமல்ல. 1942 ஏப்ரல் 5இல் கொழும்பும் 9இல் திருகோணமலையும் ஜப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு உள்ளாயின. அக்காலத்தில் படையினர் தங்கிய இடங்கள் நம் நாட்டில் பல. பழைய வீட்டுச் சமையலறையிலோ தோட்டத்து மண்ணிலோ அம்புக்குறியிட்ட கரண்டி ஒன்று கிடைத்தால், சாம்பலும் தேசிக்காயும் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து அழிந்துவிடும். படமெடுத்து, கிடைத்த இடத்தையும் திகதியையும் எழுதி வையுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் அதன் கதையைக் கேளுங்கள். பக்கத்தில் குண்டு போன்ற எதுவும் தென்பட்டால், தொடாமல் விலகிப் பொலிஸாருக்கு அறிவியுங்கள்.

மாணவிகளே, பெற்றோரே! பழைய இரும்புக்காரரின் தராசில் ஒரு கரண்டி சில ரூபாய்தான். அதைப் போடுமுன் காம்பை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். வீடு திரும்பாத ஒரு மகனின் இலக்கம் அதில் இருக்கக்கூடும்.