டேபிளில் இருப்பதெல்லாம் ஃபார்மிலா?

போன வாரம் ஒரு கோட் ரிவ்யூ. ஜாங்கோ ஃப்ரேம்வொர்க்கில் எழுதிய பதிவு ஃபார்ம். எந்தெந்த ஃபீல்டை வாங்கலாம் என்று பட்டியல் போட வேண்டிய இடத்தில் ஒரே சொல்: ‘ஆல்’. மாடலில், அதாவது டேபிளில், இருக்கிற எல்லாவற்றையும் வாரிக்கொள் என்று அர்த்தம். ஏனப்பா என்றேன். “டேபிள்ல இருக்கறதத்தானே சார் ஃபார்ம்ல கேக்கறோம்? எதுக்கு ரெண்டு தடவ எழுதணும்?”

பையன் கெட்டிக்காரன், எரிச்சலே அதனால்தான். அந்த டேபிளில் பெயர், ஈமெயிலோடு ‘இவர் அட்மினா?’ என்ற ஃபீல்டும் இருந்தது. திரையில் தெரிவது நாலு பெட்டி. ஐந்தாவது பெட்டியை பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து எவரும் சேர்த்து அனுப்பலாம். ஃபார்ம் மறுக்காது. ‘எல்லாம் வரலாம்’ என்று நாம்தானே எழுதிக்கொடுத்திருக்கிறோம்!

“அப்படி யார் சார் செய்யப்போறாங்க?” என்று ஒரு கேள்வி வரும், கட்டாயம் வரும். 2012 மார்ச்சில் எகோர் ஹோமகோவ் என்ற ரஷ்ய இளைஞர் செய்தார். அதுவும் கிட்ஹப்பில், உலகத்து டெவலப்பர்கள் தங்கள் கோடைக் கொண்டுபோய் வைக்கிற இடத்தில். கிட்ஹப் எழுதப்பட்ட ரெயில்ஸ் ஃப்ரேம்வொர்க்கில் இந்த ஓட்டை இருக்கிறது என்று அவர் முதலில் முறையாகத்தான் சொன்னார். அது டெவலப்பரின் பொறுப்பு என்று ரெயில்ஸ் குழுவினர் தட்டிக்கழித்தார்கள். உடனே கிட்ஹப்பில், கோடை ஏற்ற ஆளை அடையாளம் காட்டும் பொதுச் சாவியைப் புதுப்பிக்கும் ஃபார்மில் இல்லாத ஒரு பெட்டியை, சாவி யாருடையது என்று சொல்லும் பயனர் எண்ணை, அவரே சேர்த்து அனுப்பினார். அவருடைய சாவி ரெயில்ஸ் குழுவின் சாவியாகிவிட்டது. ரெயில்ஸின் சொந்த ரெப்போவுக்குள்ளேயே ஒரு ஃபைலைப் போட்டுக் காட்டினார். போதாததற்கு, 3012இல் எழுதியதாகத் தேதியிட்ட ஒரு புகாரையும் பதித்தார். தேதியும் டேபிளில் இருந்ததல்லவா? டேபிளில் இருந்தால் ஃபார்மிலும் உண்டே!

ஹோட்டலுக்குச் சாப்பிட வந்தவர் கையில் மெனுவுக்குப் பதில் ஸ்டோர்ரூம் சாவியைக் கொடுக்கிற வேலை இது. ஆனாலும் நம் ஊர் டுடோரியல்களில் இதற்குப் பெயர் ‘கிளீன் கோட்’. கேட்டால் டிஆர்ஒய் கொள்கையாம், சொன்னதைத் திரும்பச் சொல்லாதேயாம். அதை 1999இல் தங்கள் புத்தகத்தில் எழுதிய ஹன்ட்டும் தாமஸும் அறிவு இரண்டு இடத்தில் கிடக்கக் கூடாது என்றார்கள். ஒரே பெயரை இரண்டு ஃபைலில் டைப் அடித்தால் பாவம் என்று சொல்லவில்லை. அந்தப் புத்தகத்தின் 2019 பதிப்பில் இதை மறுபடியும் விளக்கவும் வேண்டியிருந்தது. யார் படித்தார்கள்? இன்டர்வியூவில் சொல்ல மூன்றெழுத்து போதும்.

சரி, டேபிளும் ஃபார்மும் ஒன்றா? பாஸ்வேர்டை இரண்டாம் முறை கேட்கிறோமே, அது எந்த டேபிளில் இருக்கிறது? ஓடிபி? ‘நிபந்தனைகளை ஏற்கிறேன்’ டிக்? மறுபக்கம், பாஸ்வேர்டின் ஹேஷ், கணக்கு இருப்பு, உருவாக்கிய நேரம் எல்லாம் டேபிளில் இருக்கின்றன. இவற்றை வாடிக்கையாளரா நிரப்புவார்? ஒரு ஆர்டர் ஃபார்ம் மூன்று டேபிளில் போய் விழும். ஃபார்ம் என்பது மனிதர் தட்டுத்தடுமாறிச் சொல்வது, பாதி தப்பாக இருக்கும். டேபிள் என்பது நாம் சரிபார்த்து நம்புவது. ஒன்றை இன்னொன்றின் மேல் அப்படியே ஒட்டினால் கிட்ஹப்புக்கு நடந்ததுதான் நடக்கும்.

சூடு பட்டபிறகு ஃப்ரேம்வொர்க்குகள் திருந்தின. 2013இல் வந்த ரெயில்ஸ் 4, எந்த ஃபீல்டை விடலாம் என்று கண்ட்ரோலரில் சொல்லச் சொன்னது. ஜாங்கோ 1.8இலிருந்து மாடல் ஃபார்மில் எந்த ஃபீல்டு வேண்டும், அல்லது எது வேண்டாம் என்று சொல்லாமல் இருக்கவே முடியாது. ஆனால் ‘ஆல்’ என்று சொல்லிவிட்டுப் போகும் வழியையும் விட்டுவைத்தார்கள், நம்மவர்கள் கண்டுபிடிக்காமல் இருப்பார்களா! இன்றைக்கு நாலே ஃபீல்டு, ஆபத்தில்லை என்பார்கள். ஆறு மாதம் கழித்து வேறொருவர் மாடலில் ‘தள்ளுபடி சதவீதம்’ சேர்ப்பார். ஃபார்ம் ஃபைலை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், ஆனால் அது அதையும் வாங்கத் தொடங்கியிருக்கும்.

பாதுகாப்பை விடுங்கள், மரியாதைக்கு வாருங்கள். ‘லாஸ்ட் நேம்’ பெட்டிக்கு ஏன் சிவப்பு நட்சத்திரம்? எங்கோ ஒரு டேபிளில் அந்த ஃபீல்டு காலியாக இருக்கக் கூடாது என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். அதனால் குடும்பப் பெயரே இல்லாத, அப்பா பெயரை இனிஷியலாகப் போடுகிற தமிழர் அத்தனை பேரும் அங்கே ஒரு புள்ளியை வைக்கிறோம், அல்லது சொந்தப் பெயரையே இரண்டு முறை அடிக்கிறோம். அப்புறம் ‘முருகன் முருகன்’ என்று டிக்கெட் வரும். டேபிளின் பிடிவாதத்துக்கு மனிதன் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டுமாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஃபார்முக்கென்று தனியாக ஒரு கிளாஸ், வாங்க வேண்டிய ஃபீல்டுகள் மட்டும், அவற்றுக்கான சோதனைகள், பிறகு அங்கிருந்து மாடலுக்கு. சின்ன ஃபார்முக்குப் பதினைந்து இருபது வரி வரும். அதற்கு ஸ்பிரின்ட்டில் நேரமில்லையாம். சப்மிட் பட்டன் எந்த நீலத்தில் இருக்க வேண்டும் என்று எட்டுப் பேர் உட்கார்ந்து பேச மட்டும் இரண்டு மணி நேரம் கிடைக்கிறது.