விடுதிக் கட்டிலும் ஒரு வகுப்பறைதான்



பல்கலைக்கழகத் தெரிவு முடிவுகள் வந்தால், எங்கள் ஆசிரியர் அறைக்கு வாப்பாமாரும் வரத் தொடங்குவார்கள். இம்முறை வந்த ஒருவரின் முகத்தில் சந்தோஷத்தை விடக் கவலைதான் கூடுதலாக இருந்தது. "சேர், மகளுக்குப் பேராதனை கிடைச்சிருக்கு, அல்ஹம்துலில்லாஹ். ஆனா விடுதியில உடப் பயமா இருக்கு. கிட்டத்துல மாத்தி எடுக்க ஏலாதா?" என்று கேட்டார்.

ஒவ்வொரு வருடமும் நமது ஊரில் இந்தக் கேள்வி வருகிறது. சில வீடுகளில் கேள்வியே இல்லாமல் முடிவு எடுக்கப்பட்டு, ஒரு பிள்ளையின் இடம் வீணாகிப் போகிறது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் ஒரு பழைய கதை. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தொடங்கியது. அதற்குப் பல வருடங்கள் முன்பிருந்தே, பல்கலைக்கழகம் கொழும்பில் அமைவதா கண்டிப் பக்கம் அமைவதா என்று நாட்டில் பெரிய வாதம் நடந்தது. கண்டிப் பக்கம் நின்று உறுதியாக வாதாடியவர்களில் ஒருவர் நீதியரசர் எம்.ரி. அக்பர். மலாய் முஸ்லிம். மாணவர்கள் வீட்டிலிருந்து வந்து பாடம் கேட்டுவிட்டுப் போகும் இடமாக இல்லாமல், ஒன்றாகத் தங்கி வாழும் இடமாகப் பல்கலைக்கழகம் இருக்க வேண்டும் என்பதே அந்தப் பக்கத்தாரின் எண்ணம். முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸும் அதையே நம்பினார். 1952இல் கலைத்துறை மாணவர்கள் பேராதனைக்கு வந்தார்கள். 1954 ஏப்ரல் 20இல் எலிசபெத் மகாராணி முன்னிலையில் அது முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. அக்பர் அவர்கள் அதைக் காணவில்லை. 1944இலேயே மறைந்துவிட்டார். அவருடைய பெயர் இன்று ஒரு விடுதிக்கும், மகாவலியின் மேலுள்ள ஒரு பாலத்துக்கும் இருக்கிறது.

அங்குள்ள விடுதிகளின் பெயர்களைப் பாருங்கள். அருணாசலம், இராமநாதன், ஜயதிலக, ஜேம்ஸ் பீரிஸ், மார்ஸ், அக்பர். தமிழர், சிங்களவர், ஆங்கிலேயர், முஸ்லிம் எல்லோரும் இருக்கிறார்கள். இந்த நாடு எப்படி இருக்க வேண்டும் என்று அன்று நினைத்தார்களோ, அதைக் கட்டடங்களின் பெயரிலேயே எழுதி வைத்தார்கள்.

ஒன்றாகத் தங்கியதால் என்ன விளைந்தது? 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனை மாணவர்களை வைத்து நாட்டுக்கூத்துக்கு உயிர் கொடுத்தார். மட்டக்களப்புக் கிராமங்களின் களரியில் ஆடிய கூத்து, 'இராவணேசன்' போன்ற தயாரிப்புகளாகப் பெரிய மேடைகளுக்குப் போனது. பாடம் முடிந்ததும் பஸ் ஏறி வீட்டுக்குப் போகும் மாணவர்களை வைத்துக்கொண்டு அப்படியான ஒத்திகைகளை நடத்தியிருக்க முடியுமா?

ஆனால் அந்த வாப்பாவின் பயத்துக்கும் காரணம் உண்டு. அதையும் மறைக்கக் கூடாது. 1975இல் பகிடிவதைக்குத் தப்ப, இராமநாதன் விடுதியின் மாடியிலிருந்து குதித்த ஒரு விவசாய பீட மாணவி உடல் செயலிழந்து போனார். 1997இல் அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர் ஒருவர் பகிடிவதையின் பின்னர் உயிரிழந்தார். அடுத்த வருடம், 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதை இன்று சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றம். சட்டம் வந்தும் அந்த நோய் முற்றாக ஒழியவில்லை. நமது ஊர்ப் பிள்ளைகளும் சிரேஷ்டர்களான பிறகு அதைச் செய்கிறார்கள் என்பதையும் நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். "எங்களுக்கும் செஞ்சாங்க சேர்" என்று சொல்லும் பிள்ளைக்கு, அது நியாயம் ஆகாது என்று சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

அப்படியென்றால் ஏன் அனுப்பச் சொல்கிறோம்?

நாம் ஒரு முஸ்லிம் பாடசாலையில் படிப்பிக்கிறோம். பக்கத்து ஊரில் தமிழ்ப் பாடசாலை. அதற்கு அப்பால் சிங்களப் பாடசாலை. முதலாம் தரத்திலிருந்து உயர்தரம் வரை பதின்மூன்று வருடம் படித்த நமது பிள்ளை, தன் வயதுச் சிங்களப் பிள்ளை ஒன்றுடன் பத்து நிமிடம் பேசியிராமலே பாடசாலையை விட்டுப் போகிறது. அந்தப் பிள்ளைக்கும் நம்மைப் பற்றி ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் நாட்டில் ஏதாவது நடந்தால், இருவரும் கைபேசியில் வரும் வதந்தியை வைத்துத்தான் ஒருவரையொருவர் அறிகிறார்கள்.

இந்தச் சுவர் முதன்முதலாக உடையக்கூடிய இடம் விடுதிதான். விரிவுரை மண்டபத்தில் கூட மொழிவாரியாகப் பிரிந்து உட்காரலாம். ஒரே தண்ணீர்க் குழாயில் வரிசையில் நிற்கும்போது பிரிந்து நிற்க முடியாது. நாங்கள் படித்த காலத்தில், நோன்பு மாதத்தில் ஸஹருக்கு எழும்ப வைத்த மணி அடித்தும் எங்களுக்கு விழிப்பு வராத இரவுகளில், கட்டிலைத் தட்டி எழுப்பியவன் பக்கத்துக் கட்டில் சிங்களத் தோழன். வெசாக் கூடு கட்ட மூங்கில் பிளந்து கொடுத்தவர்கள் நாங்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத பாடம் அது. இன்றுவரை மறக்கவில்லை.

அந்த வாய்ப்பையும் வீணாக்கலாம். நம்மவர்கள் மட்டும் ஒரு அறை, நம்மவர்கள் மட்டும் ஒரு மேசை என்று நான்கு வருடத்தைக் கழித்துவிட்டு வருபவர்களும் உண்டு. அப்படி வருவதென்றால், ஊரிலேயே இருந்திருக்கலாம்.

ஒலுவில் பல்கலைக்கழகத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. யுத்தகாலத்தில் நமது பிள்ளைகளின் படிப்பு தடைப்பட்டபோது உருவான அருட்கொடை அது. அங்கும் விடுதிகள் உண்டு. தூரத்திலிருந்து சிங்களப் பிள்ளைகள் அங்கு வந்து தங்கிப் படிக்கிறார்கள். அவர்களின் உம்மா வாப்பாமாருக்கும் இதே பயம் இருந்திருக்கும். இருந்தும் நம்மை நம்பி அனுப்பினார்கள்.

நாம் செய்யக்கூடிய மூன்று காரியங்கள்:

ஒன்று, உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழகம் தொடங்குவதற்கும் இடையே பல மாதங்கள் இருக்கின்றன. அதற்குள் பிள்ளைக்குச் சிங்களம் பேசப் பழக்குங்கள். மொழி தெரிந்த பிள்ளையைப் பயமுறுத்துவது இலகுவல்ல.

இரண்டு, ஏற்கெனவே கெம்பஸில் இருக்கும் நமது ஊர்ப் பிள்ளைகள் புதியவர்களுக்கு வாளியும் நுளம்பு வலையும் தேடிக் கொடுங்கள். மிரட்டிப் பெறும் மரியாதை தேவையில்லை.

மூன்று, பல பல்கலைக்கழகங்களில் எல்லா வருடமும் விடுதி கிடைப்பதில்லை. வெளியில் அறை எடுக்க வசதியில்லாத வீடுகள் நமது ஊரில் எத்தனையோ. ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் 1945இலேயே முஸ்லிம் மாணவர்களுக்காகப் புலமைப்பரிசில் நிதியம் ஒன்றைத் தொடக்கினார். ஒவ்வொரு பள்ளிவாசலும் தன் மஹல்லாவில் ஒரு பிள்ளையின் அறை வாடகையைப் பொறுப்பெடுக்க முடியாதா?

அந்த வாப்பாவிடம் நாங்கள் சொன்னது இவ்வளவுதான்: "ஒருக்கா மகளைக் கூட்டிக்கிட்டுப் போய் விடுதியைப் பாருங்க. வார்டனோட பேசுங்க. நமது ஊர்ப் பிள்ளைகள் இருவர் அங்க இருக்காங்க, அவங்கட நம்பர் தாறோம். பாத்துட்டு வந்து முடிவெடுங்க."

போவதாகச் சொல்லிவிட்டு எழுந்தார்.

அல்லாஹ் நமது பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக.