‘வண்டி ரிப்பேரா?’ - சும்மா சைக்கிள் ஓட்டினால் ஏன் காரணம் கேட்கிறோம்?

போன மாதம் மாடிப்படிக்கு அடியில் கிடந்த என் பழைய சைக்கிளை வெளியே எடுத்தேன். பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளியில் கொடுத்த அரசு சைக்கிள். இரண்டு டியூப், ஒரு பிரேக் கம்பி, செயினுக்கு எண்ணெய், கிழிந்துபோன சீட்டுக்கு ஒரு கவர். செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் தெருமுனைக் கடைக்காரர் அரை நாளில் சரிசெய்து கொடுத்துவிட்டார். அன்று சாயங்காலமே ஒரு ரவுண்டு கிளம்பினேன்.

மாரியம்மன் கோயிலைத் தாண்டுவதற்குள் மூன்று பேர் நிறுத்திவிட்டார்கள். “என்ன கண்ணு, வண்டி ரிப்பேரா?” என்றார் மளிகைக் கடை அண்ணன். “டாக்டர் ஓட்டச் சொன்னாரா?” என்றார் எதிர்வீட்டு அத்தை. மூன்றாவது ஆள் நான் வாயைத் திறக்கும் முன்பே, “பெட்ரோல் விக்கிற விலைக்கு வேற என்னம்மா பண்றது” என்று பதிலையும் அவரே சொல்லிவிட்டார். “அதெல்லாம் இல்லீங்க, சும்மாதான்” என்றேன். மூன்று பேருமே நம்பவில்லை.

அந்த ‘சும்மா’வைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

டீ கேனுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே

இன்று எங்கள் ஊர்ச் சாலைகளில் பெரும்பாலும் இரண்டு வகை சைக்கிள்களைத்தான் பார்க்க முடிகிறது. ஒன்று, பிழைப்புக்கானது. டீ கேன் கட்டியது, பூக்கூடை வைத்தது, நைட் டியூட்டி முடிந்து வாட்ச்மேன் வீடு திரும்புவது. இன்னொன்று, விடியற்காலையில் ஏற்காடு அடிவாரம் நோக்கிப் போவது. ஹெல்மெட், கையுறை, ஒட்டிய டிரவுசர், பல ஆயிரம் ரூபாய் கியர் சைக்கிள். மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, எத்தனை நிமிடத்தில் ஏறினோம் என்று ஸ்ட்ராவாவில் போடுவார்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதைதான். அந்த ஏற்றத்தில் ஸ்கூட்டரே மூச்சு வாங்கும்.

ஆனால் நடுவில் ஒரு சைக்கிள் இருந்ததே? லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சலூனுக்குப் போனது. பார் கம்பியில் பேத்தியை உட்கார வைத்து ரயில் காட்டப் போனது. பள்ளி விட்டதும் நேரே வீட்டுக்கு வராமல் நாலு தெரு சுற்றிவிட்டு வந்தது. அது போய்விட்டது. போனது யாருக்கும் பெரிதாகத் தெரியவும் இல்லை.

ரொம்பப் பழைய கதை ஒன்றும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 44.8 சதவீத வீடுகளில் சைக்கிள் இருந்தது; ஸ்கூட்டர், பைக் போன்ற வண்டிகள் இருந்த வீடுகள் 21 சதவீதம்தான். அப்புறம் தவணையில் வண்டி வந்தது, கடை வரை போகவும் வண்டி என்று ஆனது. 2020 ஜூன் 3, உலக சைக்கிள் தினத்தன்றே, அட்லஸ் நிறுவனம் சாஹிபாபாத்தில் இருந்த தன் கடைசி ஆலையை மூடியது. எழுதிவைத்த மாதிரி ஒரு தேதி!

அரை மணி நேர வாடகை

சும்மா ஓட்டுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குச் சேலத்தை விட நல்ல உதாரணம் புதுக்கோட்டையில் இருக்கிறது. 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தறிவு வகுப்புக்குப் பெண்கள் வர வேண்டும், சொல்லிக்கொடுக்கும் தொண்டர்கள் ஊர் ஊராகப் போக வேண்டும். பஸ் இல்லை. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், சைக்கிள் பழகுவதையும் இயக்கத்தின் ஒரு பகுதியாகவே ஆக்கினார். வயல் வேலை செய்பவர்கள், கல் குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள் என்று மாவட்டம் முழுக்கப் பெண்கள் பழகினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்தபடி புதுக்கோட்டை நகருக்குள் ஊர்வலம் போனார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடே வந்துவிட்டது. ஆனால் நிறையப் பேர் ஜென்ட்ஸ் சைக்கிளையே விரும்பி வாங்கினார்கள். பார் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாமே!

பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதை நேரில் பார்த்து எழுதினார். 1996-இல் வந்த ‘எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்’ நூலில் அது இருக்கிறது. அதில் ஒரு பள்ளி ஆசிரியை வருகிறார். சொந்தமாக சைக்கிள் வாங்க அவருக்கு வசதி இல்லை. அதனால் தினமும் சாயங்காலம் அரை மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார். தண்ணீர் எடுக்க இல்லை, சந்தைக்குப் போக இல்லை. ஓட்டுவதற்காகவே ஓட்டுகிறார்.

மீடியா ஸ்டடீஸ் படிக்கும்போது இந்தக் கட்டுரையை வகுப்பில் வாசித்தோம். மகளிர் முன்னேற்றம், பொருளாதாரச் சுதந்திரம் என்று குறிப்பு எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அந்த அரை மணி நேரம் மட்டும் இப்போதுதான் உறைக்கிறது.

‘வேற வழியில்லாதவங்க ஓட்டுறாங்க, நீ இன்பம்னு எழுதுற!’

இந்தக் கட்டுரை எழுதப்போகிறேன் என்றதும் டெஸ்கில் ஒரு நண்பர் கேட்டது இது. நியாயமான கேள்வி. வெயிலில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் மிதித்துக் கட்டட வேலைக்குப் போகிறவரிடம் போய் ‘சைக்கிளின் எளிய இன்பங்கள்’ என்று பேசினால் நம்மை அடிக்காமல் விட்டால் சரி. கடன் வாங்கியாவது ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் வாங்கிவிட வேண்டும் என்று அவர் நினைப்பதில் ஒரு தப்பும் இல்லை.

ஆனாலும் அந்தக் கேள்விக்குள் ஒரு கோளாறு இருக்கிறது. ஏழைக்கு சைக்கிள் என்றால் ‘பயன்’, வசதியானவருக்கு என்றால் ‘பொழுதுபோக்கு’ என்று நாமே பிரித்து வைத்திருக்கிறோம். வாடகைக்கு எடுத்து ஓட்டிய அந்த ஆசிரியை இந்த இரண்டிலும் அடங்கவில்லை. காசு இல்லாதவருக்கும் காரணமில்லாமல் ஊர் சுற்ற ஆசை வரும். வந்தால் அதற்குச் செலவும் செய்வார்.

அரசுத் திட்டங்களும் பயனை மட்டும்தான் பேசுகின்றன. தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 5 லட்சம் மாணவர்களுக்கு விலையில்லா சைக்கிள் தரப்படுகிறது. பீகாரில் 2006-இல் தொடங்கிய மாணவிகளுக்கான சைக்கிள் திட்டத்தை ஆய்வு செய்த பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை சுமார் 30 சதவீதம் கூடியதாகக் கண்டறிந்தார்கள். பெரிய சாதனை. மறுக்கவே மாட்டேன். ஆனால் பிளஸ் டூ முடிந்ததும் அந்த சைக்கிள் என்ன ஆகிறது? எங்கள் வகுப்பில் என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். தம்பிக்குப் போனது, பழைய இரும்புக்குப் போனது, இல்லையென்றால் என்னுடையது போல மாடிப்படிக்கு அடியில் போனது. எங்களுக்கு ஸ்கூட்டி வந்தது. ஸ்கூட்டி வந்ததும், ‘எங்க போற, எப்ப வருவ’ என்ற கேள்வியும் கூடவே வந்தது. சைக்கிளில் போனபோது அதை யாரும் கேட்டதே இல்லை. எவ்வளவு தூரம் போய்விடப் போகிறாள் என்ற தைரியம்!

செவ்வாய்ப்பேட்டையில் ஏன் ஓட்டலாம்?

செவ்வாய்க்கிழமை சந்தையால் வந்த பெயர் என்பார்கள். சந்தையை நம்பி வளர்ந்த ஊர் என்பதால் எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது. லீ பஜார், மார்க்கெட் ரயில் நிலையம், கோயில், குகை பக்கம் போகும் தெருக்கள் என எல்லாமே சைக்கிள் தூரம்தான். தெருக்கள் குறுகல். கார் நுழைந்தால் இரண்டு பக்கமும் திட்டு வாங்கும். சைக்கிளுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

அப்புறம், வேகம். நிதானமாக மிதித்தால் மணிக்கு 12 கிலோமீட்டர் சுமாருக்குப் போகும். அந்த வேகத்தில் ஊர் காதில் விழுகிறது. கொலுசுப் பட்டறைகளில் தட்டும் சத்தம் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று பைக்கில் போகும்போது எனக்குத் தெரிந்ததே இல்லை. பருப்பு மண்டி வாசம் முடிந்து மஞ்சள், மிளகாய் வாசம் தொடங்கும் இடம் எதுவென்று இப்போது கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். (கண்ணை மூடிக்கொண்டு ஓட்ட வேண்டாம். மினி லாரி வரும்.) கட்டடங்கள் கொஞ்சம் விலகும் இடத்தில் வடக்கே சேர்வராயன் மலை தெரியும். மழை பெய்த மறுநாள் இன்னும் கிட்டத்தில் இருப்பது போலத் தெரியும்.

உடம்பு வலிக்குமே என்று பயப்பட வேண்டாம். ஒரே தூரத்தை நடந்து கடப்பதற்கு ஆகும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் சைக்கிளுக்கு ஆகும். சமதளத்தில் மெதுவாக மிதிப்பது உண்மையில் உட்கார்ந்துகொண்டே நடப்பது மாதிரி. முட்டி வலிக்கிறது என்றால் முக்கால்வாசி சீட் தாழ்வாக இருக்கும். சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைக் கீழ்ப்பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் சரியான உயரம். காற்று குறைவாக இருந்தால் யானையை இழுப்பது போல இருக்கும், வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நாய் துரத்தினால் வேகமாக மிதிக்காதீர்கள். நிறுத்தி, இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனால் பெரும்பாலும் அதற்கு சுவாரசியம் போய்விடும். லீ பஜார் பக்கம் லோடு இறக்கும் நேரத்தில் போகாமல் இருப்பது நல்லது.

ஐந்து ரோடு பக்கம் நான் போவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே இரண்டு அடுக்கு மேம்பாலம் கட்டிவிட்டோம். அதன் கீழே ஒரு சைக்கிள் ரோட்டைக் கடப்பது பற்றி யாராவது யோசித்தார்களா தெரியவில்லை. 2006-இல் வந்த தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வண்டிகளுக்கு அல்ல, மனிதர்களுக்கே சாலையில் முன்னுரிமை என்கிறது. நெதர்லாந்தும் பிறக்கும்போதே சைக்கிள் நாடாகப் பிறக்கவில்லை. 1971-இல் அங்கே சாலை விபத்துகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் தெருவுக்கு வந்து போராடிய பிறகுதான் சைக்கிள் பாதைகள் பெருகின.

வாடகைக் கடை திரும்ப வருமா?

அப்பா தலைமுறையில் யாரைக் கேட்டாலும் ஒரு வாடகை சைக்கிள் கடை கதை இருக்கும். மணிக்கணக்கு, நோட்டில் பெயர், லேட்டாக வந்தால் திட்டு. குரங்கு பெடல் போட்டுப் பழகியது, முட்டியில் இன்னும் இருக்கும் தழும்பு. ராசி அழகப்பனின் கதையை வைத்து கமலக்கண்ணன் இயக்கி 2024-இல் வெளியான ‘குரங்கு பெடல்’ படம் அந்த ஏக்கத்தைத்தான் காட்டியது. சென்னையில் 2019-இல் செயலி மூலம் வாடகை சைக்கிள் வந்தது. ஸ்மார்ட்போன் வேண்டும், ஆன்லைனில் பணம் கட்ட வேண்டும். பழைய கடைக்கு அப்பா பெயர் சொன்னால் போதும்.

மாநகராட்சியிடம் நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் நாலைந்து தெருக்களில் வண்டிகளை நிறுத்தி வையுங்கள். வார்டுக்கு ஒரு கடையில், சின்ன வாடகைக்குப் பத்து சைக்கிள் நிற்கட்டும். நாலைந்து லேடீஸ் சைக்கிளும் இருக்கட்டும்.

எதிர்வீட்டு அத்தை நேற்று மறுபடியும் நிறுத்தினார். டாக்டர் பேச்சை எடுக்கவில்லை. தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, “சீட்டை இன்னும் கொஞ்சம் இறக்க முடியுமா கண்ணு?” என்றார். நாளைக்குக் காலை ஐந்தரைக்கு வரச் சொல்லியிருக்கிறார். அந்த நேரத்தில் தெருவில் ஆள் இருக்காதாம்.