மணிச் சத்தம் கேட்கும் தூரம்

எங்கள் வீட்டுக்கு அந்தப் பாடசாலையின் மணி கேட்கும். காலையில் தேசிய கீதம் கேட்கும். விளையாட்டுப் போட்டி மாதத்தில் ஒலிபெருக்கியில் இல்லங்களின் பெயர் சொல்லிக் கத்துவது சமையலறை வரை வரும். இத்தனையும் கேட்கிற வீட்டில் நாங்கள் குடியிருக்கவில்லையாம். வதிவிடம் போதியளவு நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி என் மகளின் பெயரைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள்.

பாடசாலையின் பெயரைச் சொல்லமாட்டேன். எனக்கு இளையவள் ஒருத்தி இருக்கிறாள். நாளைக்கு அவளைக் கையில் பிடித்துக்கொண்டு அதே வாசலில்தான் நிற்க வேண்டும்.

கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கை ஒன்றில், மேல்மாடியில் ஒன்றரை அறை எங்களுடையது. எங்களுடையது என்றா சொன்னேன்? வாடகை எங்களுடையது. என் கணவர் செட்டியார் தெருவில் நகைக்கடை ஒன்றில் வேலை செய்கிறார். இரண்டு பேரும் அட்டன் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். கல்யாணம் முடித்துக் கொழும்புக்கு வந்த நாளிலிருந்து இதே படிக்கட்டுத்தான். மூத்தவள் பிறந்து வந்ததும், தவழ்ந்ததும், விழுந்து நெற்றியில் தையல் போட்டதும் இதே படிக்கட்டில்தான். தையலுக்கு ஆஸ்பத்திரித் துண்டு இருக்கிறது. அதில் இந்த விலாசமும் இருக்கிறது. நேர்முகப் பரீட்சையில் அதையும் எடுத்து வைத்தேன். "இது செல்லாதும்மா" என்று ஒருவர் அதை என் பக்கமே தள்ளிவிட்டார். மேசை அவ்வளவு அகலமில்லை. ஆனாலும் தள்ளினார்.

செல்லுவது எது? வீட்டு உறுதி செல்லும். பதிவு செய்த குத்தகை உறுதி செல்லும். வாக்காளர் இடாப்பில் தாயும் தகப்பனும் ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தால் செல்லும். கரண்ட் பில், தண்ணிப் பில் நம் பெயரில் வந்தால் செல்லும். எங்கள் கரண்ட் பில் வீட்டுக்காரரின் காலஞ்சென்ற தகப்பனாரின் பெயரில் வருகிறது. அந்தப் பெரியவர் இறந்து எத்தனையோ காலம். கட்டுவது நாங்கள். அவர் இந்த விலாசத்தில் இருப்பதற்கு மாதாமாதம் அத்தாட்சி வருகிறது, எங்களுக்கு வரவில்லை.

குத்தகை உறுதி கேட்டு வீட்டுக்காரரிடம் போனேன். கெட்ட மனிதர் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆட்டோ பிடித்துத் தருபவர். "இங்க பாருங்க தங்கச்சி, எழுதித் தந்தா நாளைக்கு வீடு எனக்கா உங்களுக்கான்னு நான் கோர்ட்டுல நிக்கணும்" என்றார். அவருடைய பயத்துக்கும் காரணம் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பில் இருந்தவர்களை எழுப்ப முடியாமல் வழக்காடியே வயதான சொந்தக்காரர்களின் கதை இந்தப் பக்கத்தில் நிறைய. குடியிருப்பவரைக் காப்பாற்ற வந்த சட்டம். அதற்குப் பயந்து ஒருவரும் எழுதித் தருவதில்லை. எழுதாத வீட்டில் இருக்கிறவளின் பிள்ளைக்குப் பாடசாலை இல்லை. வருடா வருடம் இடாப்புப் படிவம் வரும்போதும் இதே கதைதான். எங்கள் கட்டிடத்துக்கு வருகிற படிவத்தை நிரப்புகிறவர் அவர். அதில் அவருடைய குடும்பம் மட்டும் இருக்கும். எங்கள் வாக்கு இன்னும் தோட்டத்தில் கிடக்கிறது. கிராம அலுவலரிடம் போய் நின்றேன். வீட்டுக்காரரின் கையொப்பத்தோடு வரச் சொன்னார்.

இடாப்பு என்கிற சொல்லைக் கேட்டாலே என் குடும்பத்துக்கு வயிறு எரியும். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த வருடமே தேர்தல் சட்டத்தைத் திருத்தி மலையகத்து மக்களை வாக்காளர் பட்டியலிலிருந்து வெளியே எடுத்தார்கள். என் பாட்டி கொழுந்து பறித்தே செத்தவர். அந்தக் கொழுந்தை ஏற்றிய கப்பல் போனதும் இதே கொழும்புத் துறைமுகத்தால்தான். நாட்டில் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 2003இல் சட்டம் செய்து குடியுரிமை கொடுத்தபோது பாட்டி உயிரோடில்லை. பாட்டியின் பெயர் இடாப்பில் இல்லாததற்கு ஒரு நாடாளுமன்றமே கூடிச் சட்டம் போட வேண்டியிருந்தது. அவருடைய கொள்ளுப் பேத்தியை வெளியே நிறுத்த ஒரு வீட்டுக்காரரின் கையொப்பம் இல்லாததே போதுமாக இருக்கிறது.

சரி, சுற்றறிக்கையையாவது படிப்போம் என்று படித்தேன். கல்வி அமைச்சு வருடா வருடம் வெளியிடுவது. அண்மைக் காலத்தில் அதிலுள்ள பங்கீடு இப்படி: பாடசாலைக்கு அண்மையில் குடியிருப்போரின் பிள்ளைகளுக்கு 50 வீதம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25, ஏற்கெனவே படிப்போரின் சகோதரருக்கு 15, கல்வித்துறை ஊழியரின் பிள்ளைகளுக்கு 5, இடமாற்றம் பெற்று வரும் அரச உத்தியோகத்தரின் பிள்ளைகளுக்கு 4, வெளிநாட்டிலிருந்து திரும்பியோரின் பிள்ளைகளுக்கு 1. லண்டனிலிருந்து விமானத்தில் திரும்பியவருக்கு ஒரு வீதம் இருக்கிறது. அட்டனிலிருந்து பஸ்ஸில் வந்தவளுக்கு அதுவும் இல்லை. அரசாங்கம் கடிதம் கொடுத்து இடம் மாற்றினால் அந்த மாற்றத்துக்கு மதிப்பு. வயிறு இடம் மாற்றினால் மதிப்பு இல்லை.

அந்த 25 வீதத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. தகப்பன் எத்தனை வருடம் அங்கே படித்தான், என்ன பெறுபேறு, எந்த அணியில் விளையாடினான், வெளியேறிய பிறகு பாடசாலைக்கு என்ன செய்தான் என்று புள்ளி போடுகிறார்கள். மக்களின் வரிப்பணத்தில் நடக்கிற பாடசாலை தகப்பன் வழிச் சொத்தாகப் பிள்ளைக்கு இறங்குகிறது. நான் படித்தது தோட்டப் பாடசாலை. என் கணவரும் அப்படித்தான். யாழ்ப்பாணத்திலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ எறிகணைக்குத் தப்பி வந்தவரின் பழைய பாடசாலையும் இந்தக் கணக்கில் வராது. கொழும்புக்குப் பிந்தி வந்தவர் யாராக இருந்தாலும் அந்தக் கதவு பூட்டுத்தான்.

வெள்ளவத்தைக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைத்திருந்தேன். கடையில் பழக்கமான ஓர் அக்கா, யாழ்ப்பாணத்தவர், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே தொடர்மாடியில் வீடு வாங்கியவர். கடன், நகை, கனடாத் தம்பியின் பணம் எல்லாம் போட்டு வாங்கியது. கட்டியவர் இன்னும் உறுதியை முடித்துக் கொடுக்கவில்லை. கையில் இருப்பது உடன்படிக்கை மட்டும். அதற்கு மேல் வட்டம் வேறு. வீட்டை நடுவில் வைத்து, கேட்கிற பாடசாலை வரை கோடிழுத்து, வட்டம் போடுவார்கள். பிள்ளை சேரக்கூடிய வேறு அரச பாடசாலை அந்த வட்டத்துக்குள் எத்தனை விழுகிறதோ அத்தனைக்கும் புள்ளி வெட்டுவார்கள். நல்லதோ கெட்டதோ, வகுப்பில் ஆசிரியர் இருக்கிறாரோ இல்லையோ, அந்தக் கேள்வி வட்டத்துக்குக் கிடையாது. "நாங்க வீடு வாங்கேக்க கடல் தெரியுதோ எண்டுதான் பாத்தனாங்கள், வட்டத்தைப் பாக்கேல்லை" என்றார் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவருடைய மகன் இப்போது சர்வதேசப் பாடசாலை என்று பெயர் போட்ட ஓர் இடத்துக்குப் போகிறான். அவை கல்வி அமைச்சின்கீழ் பதிவானவை அல்ல, கம்பனிச் சட்டத்தின்கீழ் பதிவான கம்பனிகள். தவணைக்குத் தவணை பணம். வீட்டில் தமிழ் வாசிக்கச் சொன்னால் பிள்ளை எழுத்துக் கூட்டுகிறானாம்.

அரசாங்கத்துக்கு எங்கள் விலாசம் தெரியாது என்கிறார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. யுத்த காலத்தில் கொழும்பில் தமிழர் இருந்த வீடுகளில் யார் யார், எந்த ஊர், எதற்கு வந்தார்கள் என்று பொலிஸில் பதிய வேண்டியிருந்தது. அப்போது ஒருவரும் உறுதி கேட்கவில்லை, கரண்ட் பில் கேட்கவில்லை. எங்கே படுக்கிறோம் என்பதை அவர்களே வந்து பார்த்துக்கொண்டார்கள். 2007 ஜூன் 7 விடியற்காலை கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, புறக்கோட்டை லொட்ஜ்களின் கதவைத் தட்டி, தமிழர் 376 பேரை பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்ட பிறகுதான் நின்றது. அன்றைக்கு எந்த அறையில் எந்தத் தமிழன் என்று துல்லியமாகத் தெரிந்திருந்தது. பிள்ளைக்கு ஒரு மேசையும் கதிரையும் கேட்கிறபோதுதான் நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை.

அதே 2007இல்தான் உச்ச நீதிமன்றம் முதலாம் தர அனுமதிச் சுற்றறிக்கையையும் கையில் எடுத்து, சட்டத்தின்முன் எல்லோரும் சமம் என்கிற அரசியலமைப்பின் 12(1) உறுப்புரைக்கு அது முரண் என்று தீர்த்தது. பிறகு புதிய சுற்றறிக்கை வந்தது. அதற்குப் பிறகும் வேறு வேறு வந்தன. வழக்குப் போடலாமே என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அந்த ஒரு மாதத்தில் நான் செய்தது மேன்முறையீடு எழுதியதும், அதைச் சிங்களத்திலும் எழுதினால் நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு எழுத ஆள் தேடியதும்தான். உச்ச நீதிமன்றம் இருக்கிற புதுக்கடை எங்களுக்கு நடக்கிற தூரம். சட்டத்தரணியின் கட்டணம் நடக்கிற தூரத்தில் இல்லை.

வேறு வழியும் ஒன்று உண்டென்று காதில் விழுந்தது. அனுமதிக்குப் பணம் வாங்கக்கூடாது என்று அமைச்சு சொல்கிறது. பிள்ளை சேர்க்க இலஞ்சம் வாங்கினார் என்று அதிபர் ஒருவரை இலஞ்ச ஊழல் ஆணைக்குழு பிடித்த செய்தியும் அவ்வப்போது பத்திரிகையில் வருகிறது. என்னிடம் ஒருவரும் நேரே கேட்கவில்லை. "ஆளைப் பிடிச்சா நடக்கும்" என்று மட்டும் சொன்னார்கள். எந்த ஆள், எவ்வளவு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வந்திருந்தாலும் கையில் இருக்கவில்லை.

கடைசியில் வேறொரு சிறிய பாடசாலைக்குப் போகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். குறை சொல்வது எளிது, அதனால் கண்டதைச் சொல்கிறேன். முதலாம் தரத்துக்கும் இரண்டாம் தரத்துக்கும் ஒரே டீச்சர். நடுவில் தட்டி. இந்தப் பக்கம் பாட்டு, அந்தப் பக்கம் கூட்டல். டீச்சர் நல்லவர். என் மகளை மடியில் தூக்கி வைத்துப் பெயர் கேட்டார். ஆங்கிலத்துக்கு ஆள் வருவார் என்று காத்திருக்கிறார்களாம். கழிப்பறையின் கதவு கழன்று சுவரில் சாய்ந்திருந்தது. பெரிய பாடசாலைகளின் வாசலில் புலமைப் பரிசில் சித்தியடைந்த பிள்ளைகளின் படம் போட்டுப் பதாகை தொங்கும். இங்கே பதாகை இல்லை. அதைத் தொங்கவிடுகிற மாதிரிப் பிள்ளைகளைத்தான் பெரிய பாடசாலைகள் முன்பே பொறுக்கி எடுத்துவிட்டனவே. வசதியுள்ளவர் விலகுவார், பிள்ளை குறையும். பிள்ளை குறைந்தால் ஆசிரியர் குறைவார். ஆசிரியர் இல்லையென்று மிச்சமிருப்பவரும் விலகுவார். பிறகு, தமிழ்ப் பாடசாலைக்குப் பிள்ளைகள் வருவதில்லை என்று மேடையில் வருத்தப்படுவார்கள்.

"அருகிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை" என்று ஒரு திட்டமே நடத்தியவர்கள் இவர்கள். யாருக்கு அருகில்? அருகிலுள்ளதைத்தானே கேட்டேன். எனக்கு நாட்டிலேயே பெரிய பாடசாலை வேண்டாம், கிரிக்கெட் மைதானம் வேண்டாம், நூற்றாண்டு விழா வேண்டாம். தெருவைக் கடக்காமல் போய் வரக்கூடிய ஒன்று, ஒரு வகுப்புக்கு ஒரு டீச்சர். ஐந்து வயதிலிருந்து பதினாறு வயது வரை பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று 2016இல் விதி செய்தார்கள். அனுப்பாத பெற்றோர் குற்றவாளி. சேர்க்காத பாடசாலைக்கு என்ன பெயர்? இலவசக் கல்வி தந்த கன்னங்கராவின் படத்துக்கு மாலை போடுகிற மண்டபத்தில்தான் என் பிள்ளையின் கோப்பை மூடினார்கள்.

இப்போது மகள் அந்தச் சிறிய பாடசாலைக்கு வானில் போகிறாள். வான் காசு வாடகைக்கு அடுத்த செலவு. வான் போகிற வழியில் எங்கள் ஒழுங்கை முனையிலுள்ள பாடசாலையைத் தாண்டித்தான் போக வேண்டும். "அம்மா, ஏன் நம்ம இதுக்குப் போறதில்ல?" என்று கேட்டாள். இங்கே இடமில்லை என்றேன். "உள்ள நெறைய எடம் இருக்கே" என்றாள்.

ஒரு தடவை வெளியே தள்ளினால் அதோடு முடிந்துவிடுவதும் இல்லை. மூத்தவள் உள்ளே இருந்திருந்தால் இளையவளுக்குச் சகோதரர் என்கிற 15 வீதத்தில் வழி இருந்திருக்கும். அதுவும் போயிற்று. நாளைக்கு இவர்கள் இரண்டு பேரும் தாயானால் அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பழைய மாணவி என்கிற 25இலும் இடமில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் ஒரு கையொப்பத்தில் இன்னும் பிறக்காதவர்களையும் சேர்த்து நிராகரித்தார்கள்.

இளையவளுக்கு இப்போது இரண்டரை வயது. ஐந்து வருட இடாப்பு கேட்பார்கள், அவளுக்கு அவ்வளவு வயதே இல்லை. இன்றைக்கே பெயர் ஏறினாலும் முழுப் புள்ளிக்குக் காலம் போதாது. ஆனாலும் ஏற வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் மேலே வந்தார். சாமான் விலையெல்லாம் ஏறிவிட்டது, வாடகையைக் கூட்ட வேண்டும் என்றார். கேட்டதைத் தருகிறேன், அதற்கு மேலும் தருகிறேன், அடுத்த படிவத்தில் எங்கள் இரண்டு பேருடைய பெயரையும் எழுதுங்கள் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.