எரிந்த வீட்டுக்காக யார் பேசுவது?

2025-ஆம் ஆண்டு சனவரி 7-ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் பற்றிய காட்டுத்தீயில் 31 பேர் உயிரிழந்தனர். 16,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. பசிபிக் பாலிசேட்ஸ் பங்கின் கார்ப்பஸ் கிறிஸ்டி ஆலயமும் எரிந்தது. அதன் நற்கருணைப் பேழையைத் தீயணைப்பு வீரர்கள் சேதமின்றி மீட்ட செய்தி அப்போது உலகெங்கும் பேசப்பட்டது. பிறகு செய்தியாளர்கள் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். வீடிழந்தவர்களுக்கோ அதன் பிறகுதான் இன்னொரு நீண்ட பாடு தொடங்கியது. அது இன்சூரன்ஸ் பணம் கேட்டு அலையும் பாடு.

நம் பங்குகளில் மகனோ மகளோ அமெரிக்காவில் வங்கிக் கடனில் வீடு வாங்கியிருக்கும் குடும்பங்கள் உண்டு. அங்கே வீட்டுக்கடன் கொடுக்கும் வங்கி, வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்க வேண்டும் என்று கேட்கும். ஆகவே இது நமக்குத் தொடர்பில்லாத செய்தி அல்ல.

வீடு சேதமானால் உரிமையாளர் நிறுவனத்துக்குத் தெரிவிக்கிறார். நிறுவனம் 'அட்ஜஸ்டர்' ஒருவரை அனுப்புகிறது. சேதத்தைப் பார்த்து, பாலிசியைப் படித்து, எவ்வளவு கொடுக்கலாம் என்று கணக்கிடுபவர் அவர். சிலர் நிறுவனத்தின் ஊழியர்கள். சிலருக்கு 'இன்டிபென்டென்ட் அட்ஜஸ்டர்' என்று பெயர். சுதந்திரமானவர் என்று பெயர் சொன்னாலும், அவருக்கும் கூலி கொடுப்பது இன்சூரன்ஸ் நிறுவனம்தான். மூன்றாமவர் 'பப்ளிக் அட்ஜஸ்டர்'. பெயரைக் கேட்டு அரசு அதிகாரி என்று நினைத்துவிடக் கூடாது. இவர் வீட்டுக்காரர் அமர்த்திக்கொள்ளும் ஆள். மாநில அரசின் உரிமம் பெற்றவர். கிடைக்கும் இழப்பீட்டில் இத்தனை விழுக்காடு என்று ஊதியம் வாங்குபவர்.

நிறுவனத்தின் ஆள் வந்து பார்த்த பின் இன்னொருவர் எதற்கு என்று கேட்கலாம். அதற்கு விடை, வீடிழந்தவரிடம் கேட்கப்படும் பட்டியலில் இருக்கிறது. வீட்டுக்குள் இருந்த ஒவ்வொரு பொருளும், அதன் வயதும், வாங்கிய விலையும் அதில் எழுதப்பட வேண்டும். கரண்டி எத்தனை, போர்வை எத்தனை, பிள்ளையின் முதல் நன்மை உடை எப்போது வாங்கியது? ரசீதுகளும் வீட்டோடு எரிந்துவிட்டன. துக்க வீட்டில் இருப்பவரிடம் கணக்குப்பிள்ளை வேலையைக் கொடுப்பதைப் போன்றது இது. ஓர் அறையை மனக்கண்ணில் திறந்து பொருள்களை எண்ணும்போது, அந்த அறையை மீண்டும் ஒருமுறை இழக்க வேண்டியிருக்கிறது. பலர் பாதியில் விட்டுவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொள்வதில் வியப்பில்லை.

வீட்டின் கணக்கும் எளிதல்ல. 20 ஆண்டுப் பழைய கூரை என்றால், பல பாலிசிகளில் முதலில் தேய்மானம் கழித்த மதிப்பே வரும். மீதியைப் பெற, கூரையைப் புதிதாகப் போட்டுச் செலவைக் காட்ட வேண்டும். இதற்கிடையே நிறுவனத்தின் ஆள் மாறிவிடுவார். புதியவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்குள் மூன்றாவது அட்ஜஸ்டரை நியமித்தால், கோரிக்கை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்தில் தர வேண்டும் என கலிபோர்னியாவில் சட்டமே இருக்கிறது. இப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதே அங்குள்ள நிலைமையைக் காட்டுகிறது.

முழுதும் எரிந்த வீட்டைவிட, எரியாமல் நின்ற வீடுகள்தான் அதிகத் தகராறைக் கிளப்பின. சுவர் நிற்கிறது. ஆனால் உள்ளே சாம்பலும் நச்சுப் புகையும் படிந்திருக்கின்றன. துடைத்தால் போதும் என்கிறது நிறுவனம். குழந்தையை எப்படி இங்கே படுக்க வைப்பது என்கிறார் தாய். வேறெங்கும் இன்சூரன்ஸ் கிடைக்காதவர்களுக்குக் கடைசிப் புகலிடம் கலிபோர்னியாவின் ஃபேர் பிளான். புகைச் சேதம் வெறும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அல்லது சராசரி மனிதரின் மூக்குக்கு எட்ட வேண்டும் என்று அதன் பாலிசியே நிபந்தனை விதித்திருந்தது. ஈயத் தூளுக்கு ஏது மணம்? இந்தத் தீக்கு முன்பே தொடுக்கப்பட்ட ஒரு வழக்கில், அந்த நிபந்தனை சட்டத்துக்கு முரணானது என்று லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிபதி ஒருவர் 2025 சூனில் தீர்ப்பளித்தார்.

இத்தகைய வழக்குகளில் விவரம் தெரிந்த ஒருவர் வீட்டுக்காரர் பக்கம் நிற்பது நியாயமே என்பது நம் கருத்து. எதிரில் இருப்பது வழக்கறிஞர்களும் பொறியாளர்களும் நிறைந்த நிறுவனம். இந்தப் பக்கம் உறவினர் வீட்டு வரவேற்பறையில் படுத்திருக்கும் குடும்பம். லூக்கா 18-ஆம் அதிகாரத்து கைம்பெண் நடுவரிடம் ஓயாமல் போனார். அவருக்காகப் பேச வேறு யாரும் இருந்ததாக அங்கே சொல்லப்படவில்லை. எல்லாருக்கும் அந்தத் திராணி இருக்குமா?

ஆனால் கூலிக்குப் பேசுபவரின் கணக்கையும் நாம் பார்க்க வேண்டும். புளோரிடா சட்டமன்றத்தின் ஆய்வு அலுவலகம் 2010 சனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. மாநிலம் உருவாக்கிய சிட்டிசன்ஸ் காப்பீட்டு நிறுவனத்தில் 2005-ஆம் ஆண்டுப் புயல்களுக்காகக் கோரியவர்களின் கணக்கு அது. பப்ளிக் அட்ஜஸ்டர் வைத்தவர்களுக்குப் பொதுவாகக் கிடைத்தது 17,187 டாலர். வைக்காதவர்களுக்கு 2,029 டாலர். 747 விழுக்காடு அதிகம்! விளம்பரங்களில் வலம் வருவது இந்த எண்தான். அதே அறிக்கையில் 2004-ஆம் ஆண்டுப் புயல்களுக்கான எண்களும் உள்ளன: 22,266 டாலர், 18,659 டாலர். வேறுபாடு 19 விழுக்காடுதான். இதில் 10 விழுக்காடு கூலி போனால் வீட்டுக்காரர் கையில் நிற்பது சுமார் 20,040 டாலர். 20 விழுக்காடு போனால் சுமார் 17,810 டாலர். அது ஆள் வைக்காதவருக்குக் கிடைத்ததைவிடக் குறைவு. சிக்கலான சேதம் உள்ளவர்களே உதவியைத் தேடுவார்கள் என்பதால் இரு தரப்பையும் நேருக்கு நேர் ஒப்பிடவும் இயலாது. உதவி வைத்தவர்களின் கோரிக்கைகள் முடியக் கூடுதல் காலம் பிடித்தது என்றும் அந்த அறிக்கை சொல்கிறது.

புளோரிடாவில் இன்று, அவசரநிலை அறிவிக்கப்பட்ட பேரிடர்களில் முதல் ஓராண்டுக் கோரிக்கைகளுக்கு 10 விழுக்காடும், மற்றவற்றுக்கு 20 விழுக்காடும் உச்சவரம்பு. டெக்சாசில் 10. வரம்பு இருப்பது நல்லதுதான். ஆனால் 4,00,000 டாலர் பாலிசியுள்ள வீடு அடியோடு எரிந்து, முழுத் தொகையையும் தர நிறுவனம் முன்வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரத்திலேயே 10 விழுக்காடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட குடும்பம், எப்படியும் வரவிருந்த பணத்திலிருந்து 40,000 டாலரை இழக்கக்கூடும். சமையலறை கட்ட வேண்டிய பணம் அது.

ஆகவே நிறுவனத்தின் எழுத்துமூலக் கணக்கு வரும்வரை பொறுத்திருப்பது நல்லது. அதில் எது விடுபட்டிருக்கிறது, எது நம்மால் வாதிட முடியாதது என்று பார்த்த பிறகு ஆளைத் தேடலாம். அப்போதும், நிறுவனம் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட தொகையை விட்டுவிட்டு, கூடுதலாகப் பெற்றுத் தருவதற்கு மட்டும் விழுக்காடு என்று எழுதக் கேட்கலாம். உரிமம் உண்டா என்பதை மாநில இன்சூரன்ஸ் துறையிடம் விசாரிக்கலாம். கூரை போடுபவரே 'உங்கள் கிளெய்மையும் நானே பார்த்துக்கொள்கிறேன்' என்றால் விலகிப் போவது நல்லது. ஒரே ஆள் இரண்டு வேலையும் பார்ப்பதை டெக்சாஸ் சட்டம் தடுக்கிறது. அம்மாநில உச்ச நீதிமன்றம் 2024 சூனில் அந்தத் தடையை உறுதி செய்தது.

வாசற்படியில் வந்து நிற்பவர்களைப் பற்றிய விதிகளும் உண்டு. பேரிடருக்குப் பின் ஏழு நாள்கள் பப்ளிக் அட்ஜஸ்டர்கள் தாமாக ஆள் பிடிக்க கலிபோர்னியாவில் தடை. புளோரிடாவில் 48 மணிநேரத் தடை ஒன்று இருந்தது. அது பேச்சுரிமைக்கு எதிரானது என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2012-இல் நீக்கிவிட்டது. ஆயினும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆள் பிடிக்கக் கூடாது என்ற விதி அங்கே உண்டு. சட்டம் இயற்றியவர்கள் திருப்பலியை நினைத்துத்தான் எழுதினார்களா என்பது வேறு விஷயம்.

அந்தப் பட்டியலின் சுமையும் இப்போது குறைகிறது. பேரிடரில் வீட்டை முழுதும் இழந்தவர்களுக்குப் பட்டியல் கேட்காமலே, பொருள்களுக்கான காப்பீட்டில் 60 விழுக்காட்டை 3,50,000 டாலர் வரம்புக்குள் தர வேண்டும் என்ற சட்டம் 2025 அக்டோபரில் கலிபோர்னியாவில் கையெழுத்தானது. மீதி 40 விழுக்காட்டுக்கு இன்னும் கரண்டிகளை எண்ணத்தான் வேண்டும். அமெரிக்காவிலுள்ள பிள்ளைகள் அடுத்த முறை வீடியோவில் அழைக்கும்போது, அலமாரிகளையும் சமையலறை இழுப்பறைகளையும் திறந்து காட்டி ஒரு படம் பிடித்து அனுப்பச் சொல்லலாம். பத்து நிமிட வேலை. பிரதி ஒன்று இங்கே ஊரில் இருக்கட்டும்.